கங்கைகொண்ட சோழன்: கதையிலும் கல்லிலும்

சரித்திர நாவல்களில் நம் ஜனங்களுக்குள்ள ஆசை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. ‘கல்கி’யின் பொன்னியின் செல்வன் 1950-ம் ஆண்டு முதல் 1954-ம் ஆண்டு வரையில் வாரந்தோறும் வெளிவந்த காலத்தில், பத்திரிகை வந்து சேரும் நாளன்று முதலில் படிப்பவர் யார் என்ற வழக்கு எழாத வீடு அருமை என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் பின் அகிலன் எழுதிய வேங்கையின் மைந்தன் 1963-ல் சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது. சாண்டில்யன் கடாரத்துக் கடலில் மரக்கலங்களை ஓட்டினார். பாலகுமாரன் உடையாரையும் கங்கை கொண்ட சோழனையும் பல பாகங்களாக எழுதிக் குவித்தார். 1973-ல் ராஜராஜ சோழன் திரையில் தோன்றினான். 1988-ல் நேரு எழுதிய பாரத சரித்திர நூலைத் தழுவித் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய பாரத் ஏக் கோஜ் என்னும் தொடர் நாடகத்தில் சோழருக்கென்றே இரண்டு பகுதிகள் அமைந்தன. 2022-லும் 2023-லும் பொன்னியின் செல்வன் இரண்டு பாகமாகத் திரைக்கு வந்தபோது, புத்தகத்தைத் தொட்டறியாத வாலிபர்களும் வந்தியத்தேவனைப் பற்றித் தர்க்கம் செய்யத் தொடங்கினார்கள்.

நாம் கதையை வெறுப்பவரல்லோம். கட்சிக்காரருடைய தஸ்தாவேஜுக் கட்டுக்களின் நடுவே நாவலை ஒளித்துவைத்துப் படித்த குற்றம் எம்மையும் சார்ந்ததே. ஆயினும் அந்தத் தொழில் எமக்கு ஒரு பழக்கத்தைக் கற்பித்தது. வக்கீல் எவ்வளவு அழகாகப் பேசினாலும், பேச்சு முடிந்தவுடன் பத்திரத்தைக் காட்டு என்று கேட்கும் பழக்கம் அது. சரித்திர நாவலாசிரியர் தம் கதாநாயகனுக்கு ஏற்பட்ட வக்கீல். அவர் வாதத்தைக் கேட்டு மகிழலாம். தீர்ப்பை மட்டும் கல்லையும் செம்பையும் பார்த்த பிறகே எழுதவேண்டும். கல்லும் செம்புங்கூட அரசன் தானே தன்னைப்பற்றி எழுதுவித்த பத்திரங்களாகையால், அவற்றையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவதற்கில்லை.

இந்த எண்ணம் எமக்கு வலுப்பெற்றது உடையார்பாளையம் தாலுகாவிலே. ஜயங்கொண்டத்தைக் கடந்து செல்லும் வழியில், நெடுந்தூரத்திலேயே ஒரு விமானம் வானத்தில் எழுந்து நிற்பது தெரியும். அதுவே கங்கைகொண்ட சோழபுரம். விடுமுறை நாட்களில் நாவலும் சினிமாவும் பார்த்துவிட்டு வரும் குடும்பங்களால் அவ்வாலயப் பிராகாரம் நிறைந்திருக்கிறது. அவர்களில் பலர் வானதி இங்கேதான் இருந்தாளா என்று விசாரிக்கிறார்கள். இவ்வூரை உண்டாக்கியவனைப்பற்றி விசாரிப்பவர் சிலரே. தகப்பனுடைய புகழ் மகனை மறைத்துவிட்டது. ஆகையால் அந்த மகனாகிய முதலாம் ராஜேந்திர சோழனுடைய சரிதையை, பத்திரங்கள் அனுமதிக்கும் அளவில், இன்று எடுத்துச் சொல்லத் துணிந்தோம்.

அவனுக்குப் பிள்ளைத் திருநாமம் மதுராந்தகன். ராஜராஜனுக்கும் வானவன் மாதேவி என்னும் அரசிக்கும் பிறந்தவன். அவன் பிறந்த நாள் ஆடித் திருவாதிரை என்பது திருவாரூர்க் கல்வெட்டொன்றால் அறியக் கிடக்கிறது. 2021-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசாங்கம் அந்த நாளை விழாவாக ஏற்றுக்கொண்டது. கொடும்பாளூர் வானதியை அவனுக்குத் தாயாக்கத் திட்டமிட்டது ‘கல்கி’யின் கற்பனை, வானவன் மாதேவி என்ற பெயரே அக்கற்பனைக்கு வித்தாயிற்று. தாயின் பெயரால் இலங்கைப் பொலன்னறுவையிலே வானவன் மாதேவி ஈசுவரம் என்னும் கற்றளி ஒன்று இன்றும் சிதையாமல் நிற்கிறது. ஆனால் மாற்றாந்தாயாகிய பஞ்சவன் மாதேவிக்கு அவன் செய்த காரியம் இன்னும் உருக்கமானது. பழையாறைக்கு அருகே அவள் அடக்கமான இடத்தில் பள்ளிப்படைக் கோயிலொன்றை எடுப்பித்து அவள் பெயரையே அதற்கு வைத்தான். பெற்ற தாயல்லாத ஒருத்திக்கு ஓர் அரசன் கோயில் எடுத்தது ஏன் என்பதற்குக் கல்வெட்டிலே காரணம் இல்லை. பாலகுமாரன் தம் உடையார் நாவல் முழுவதையும் அந்தப் பஞ்சவன் மாதேவியைச் சுற்றியே அமைத்தாரென்றால், கல் மௌனமாக இருந்த இடத்தில் கதை பேசத் தொடங்கியது என்று கொள்ளவேண்டும். அவ்வகைக் கதையில் நாம் குறை காணோம்.

1012-ல் தகப்பன் அவனுக்கு இளவரசுப் பட்டங் கட்டித் தன்னோடு ஆளவைத்தான். 1014-ல் ராஜராஜன் காலமானபின் முழு ராஜ்யமும் அவனுடையதாயிற்று. பட்டத்துக்கு வருமுன்னரே அவன் படை நடத்தி மேலைச் சாளுக்கிய நாட்டுக்குச் சென்றிருந்தான். அந்தப் படையெடுப்பைப்பற்றி அவன் பகைவனான சத்தியாசிரயனுடைய நாட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. தார்வார்ப் பிரதேசத்தில் ஹொட்டூரிலுள்ள 1007-ம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு, சோழன் ஒன்பது லட்சம் சேனையோடு வந்து நாட்டைக் கொள்ளையிட்டு, ஸ்திரீகளையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றான் என்று குற்றஞ் சாட்டுகிறது. ஒன்பது லட்சம் என்பது பகைவனின் பயம் பெருக்கிய கணக்கு என்று தள்ளலாம். மற்றதையும் அப்படியே தள்ளிவிட நமக்கு உரிமை உண்டா? ஹொட்டூர்க் கல்வெட்டை அத்தியாயமாக்கிய தமிழ் நாவலை நாம் இதுகாறும் கண்டதில்லை. அந்நியர் ஆட்சியில் ஊர்கள் எரிந்ததை மறவாத நாம், நம்மவர் எரித்த ஊரைப் பற்றிய சாட்சியை மட்டும் கட்டில் சேர்க்காமல் விடுவது நியாய ஸ்தலத்துக்கு ஏற்றதன்று.

இலங்கை விஷயமும் அத்தகையதே. முதற் பராந்தகன் காலத்தில் தோற்றோடிய பாண்டியன் தன் மணிமுடியையும் இந்திர ஆரத்தையும் இலங்கையில் அடைக்கலமாக வைத்தான். பராந்தகன் அவற்றைப் பெற முயன்று முடியாமற் போயிற்று. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சோழ குலத்தை உறுத்திய அந்தக் குறையை ராஜேந்திரன் 1017-ல் தீர்த்தான். ஐந்தாம் மகிந்தன் என்னும் இலங்கை வேந்தனும், அவன் தேவியும், முடியும், ஆரமும் சோழநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. வேங்கையின் மைந்தனில் இந்த முடியைத் தேடும் பகுதியைப் படித்தவர் எவரும் புத்தகத்தைக் கீழே வைக்க மனங்கொள்ளார். கொடும்பாளூர் இளங்கோவுக்கும் மகிந்தன் மகள் ரோகிணிக்கும் நேர்ந்த காதலைப் படைத்து, வென்றவனையும் தோற்றவனையும் ஒரே பந்தலில் நிறுத்தப் பார்த்தார் அகிலன். சரித்திரத்தில் அத்தகைய ஆறுதல் இல்லை. மகிந்தன் பன்னிரண்டு வருஷம் சிறையாக இருந்து 1029-ல் அந்நிய மண்ணிலேயே மடிந்தான். அவன் குமாரன் கசியபனைத் தென்னிலங்கை ஜனங்கள் சோழர் கையில் சிக்காமல் இரகசியமாக வளர்த்தார்கள். பிற்காலத்தில் அவன் விக்கிரமபாகு என்னும் பெயரோடு எதிர்த்து நின்றான். விகாரைகளை உடைத்துப் பொன்னை அள்ளிச் சென்றார்கள் என்று அந்நாட்டு வம்ச சரித்திரம் சோழரைப் பழிக்கிறது. சிறைப்பட்ட அரசனுடைய குழந்தையைக் குடிகள் ஒளித்து வளர்த்த அந்தச் செய்தி நம் நாட்டில் நடந்திருக்குமாயின், இதற்குள் நூறு நாடகங்கள் எழுந்திருக்கும்!

பாண்டி நாட்டையும் சேர நாட்டையும் அடக்கி, மதுரையிலே தன் மகனொருவனைச் சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு அமர்த்தினான். முசங்கியில் சாளுக்கிய ஜயசிம்மனை முதுகிடச் செய்தான். வேங்கி நாட்டோடு சோழர்க்குக் கொள்வினை கொடுப்பினை உண்டு. ராஜேந்திரனுடைய தங்கை குந்தவை விமலாதித்தனை மணந்தாள்; அவர்கள் பிள்ளை ராஜராஜ நரேந்திரனுக்கு ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கையைக் கொடுத்தான். அந்த மணத்தில் பிறந்த பேரனே பின்னாளில் முதற் குலோத்துங்கன் என்ற பெயரோடு சோழ சிங்காசனம் ஏறினான். 1973-ம் ஆண்டுப் படத்தில் விமலாதித்தன் வருகிற காட்சிகளைப் பார்த்தவர்க்கு இந்தச் சம்பந்தத்தின் அருமை சிறிது தெரிந்திருக்கும்.

இனிக் கங்கை யாத்திரை. 1023-ஐ ஒட்டிப் புறப்பட்ட சேனை வேங்கி எல்லையைக் கடந்து, சக்கரக்கோட்டம், கோசலம், ஒட்டர் தேசம் ஆகியவற்றின் வழியே சென்று, தண்டபுத்தியில் தர்மபாலனையும், தக்கணலாடத்தில் ரணசூரனையும், வங்காளத்தில் கோவிந்தசந்திரனையும், இறுதியில் பால வம்சத்து மகிபாலனையும் முறியடித்துக் கங்கைக் கரையை அடைந்தது. கதைகளிலும் கூத்துக்களிலும் அரசனே யானைமீதேறிக் கங்கையிற் பாய்கிறான். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்வது வேறு. முப்பத்தொரு செப்பிதழ்களாலான அந்தச் சாசனத்தின்படி, கங்கை வரை சென்றவன் சேனாபதி. அரசன் கோதாவரிக் கரையில் வந்து காத்திருந்து, திரும்பி வந்த சேனையை அங்கே எதிர்கொண்டான். தோற்ற அரசர்களைக் கொண்டே கங்கை நீரைச் சுமக்கச் செய்து சேனாபதி கொண்டுவந்தான் என்றும் அதிலே கண்டிருக்கிறது. தன் புகழைப் பாட எழுதுவித்த பத்திரத்திலேயே, தான் போகவில்லை என்பதை ஒளிக்காமல் எழுத அனுமதித்த அரசனை நாம் மெச்சுகிறோம். அவன் நேர்மையை நம் கதாசிரியர்கள் சிறிது பின்பற்றினால் கதைக்கு நஷ்டம் வராது. காத்திருப்பதும் ஒரு வீரனுக்குக் கடினமான காரியமே. கோதாவரிக் கரையில் செய்திக்காக ஏங்கி நின்ற அரசனுடைய மாதங்களை எழுதத் திறமுள்ள பேனா தமிழ்நாட்டில் இல்லாமற் போகவில்லை.

இதே காலத்தில் வடமேற்கே கஜினி மாமூது படையோடு வந்து போய்க்கொண்டிருந்தான் என்பதையும் நேயர்கள் மனத்தில் வைக்கவேண்டும். சோமநாதபுரம் அழிந்தது 1026-ன் தொடக்கத்தில். வடக்கே ஒருவன் கோயிலை இடித்துக்கொண்டிருக்க, தெற்கேயிருந்து ஒருவன் நீருக்காகச் சேனை அனுப்பினான் என்று மேடையில் பேசுவோர் உண்டு. பேச்சு இனிக்கிறது. ஆனால் அந்தச் சேனை நீரை மாத்திரம் கொண்டுவரவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்து ஆலயத்திலே சாளுக்கிய நாட்டு வேலைப்பாடமைந்த சூரியபீடம் ஒன்று இருக்கிறது; கலிங்கத்திலிருந்து எடுத்துவந்த சிலைகள் சுற்றுப்புறக் கிராமங்களில் காணப்படுகின்றன. எடுத்துவந்தவற்றை உடைக்காமல் பூசையில் வைத்தார்கள் என்பது பெரிய வித்தியாசந்தான். பறிகொடுத்த ஊரார்க்கு அந்த வித்தியாசம் எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

கடாரப் படையெடுப்பு 1025-ல் நிகழ்ந்தது. அதைப்பற்றி நம் காலத்தில் எழுந்த ஆராய்ச்சி வரலாறே ஒரு நாவல்போன்றது. மெய்க்கீர்த்தியிலே ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரி தேசம், மாநக்கவாரம், கடாரம் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வருகின்றன. இவை எங்கே உள்ளன என்று அறியாமல் ஆராய்ச்சியாளர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்மாவிலே தேடினார்கள். 1918-ல் சேடேஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஸ்ரீவிஜயம் என்பது சுமாத்திராவில் பாலெம்பாங்கைத் தலைநகராகக் கொண்டிருந்த பேரரசு என்று நிலைநாட்டினார். அதன்பின் ஒவ்வொரு பெயரும் மலேயாவிலும் சுமாத்திராவிலும் தன் இடத்தைப் பெற்றது. கடாரம் இன்றைய கெடா. மாநக்கவாரம் நிக்கோபார்த் தீவுகள். நம் முன்னோர் கடல்கடந்து சென்ற செய்தி நம் ஊர்க் கல்லிலேயே எழுதியிருக்க, அதன் பொருளை உணர ஒன்பது நூற்றாண்டும் ஒரு பிரெஞ்சுக்காரரும் வேண்டியிருந்தது.

யுத்தம் ஏன் மூண்டது? ஸ்ரீவிஜய வேந்தர் சோழர்க்குப் பகைவராக இருந்தவரல்லர். ராஜராஜன் காலத்தில் அவர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுக்க முற்பட, ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற கிராமத்தை அதற்கு விட்டான். அந்தத் தானத்தைச் செப்பேட்டிலே பொறிக்கச் செய்து நிலைப்படுத்தியவன் ராஜேந்திரனே. நாகப்பட்டினத்துக் காரோணசுவாமிக்கு ஸ்ரீவிஜய அரசனுடைய காரியஸ்தர் ஆபரணங்கள் அளித்த செய்தி அவ்வாலயக் கல்வெட்டுக்களில் உண்டு. இவ்வளவு நட்பிருந்தும் பத்தாண்டுகளுக்குள் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் என்னும் அரசன் சோழர் கையில் பிடிபட்டு, அவன் யானைகளும், வாயிலிலிருந்த வித்தியாதர தோரணமும் பறிபோயின. சீனத்துக்குச் செல்லும் வியாபாரம் முழுதும் மலாக்கா ஜலசந்தி வழியாகவே போகவேண்டும். அதன் இரு கரையும் ஸ்ரீவிஜயத்தினுடையவை. வழியடைத்துச் சுங்கம் வாங்குபவனுக்கும், சரக்கேற்றிச் செல்பவனுக்கும் நட்பு எத்தனை காலம் நிற்கும்? 1033-ல் ராஜேந்திரனுடைய தூதர்கள் சீன அரசவைக்குச் சென்றதைச் சீனர் குறித்து வைத்திருக்கிறார்கள். கடாரத்தைச் சோழர் நிரந்தரமாக ஆண்டதாகத் தோன்றவில்லை. வியாபாரிகள் மாத்திரம் தங்கினார்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவார் 1088-ல் எழுதிவைத்த தமிழ்க் கல்வெட்டு சுமாத்திராவின் பரூஸ் கரையிலே கிடைத்திருக்கிறது.

அந்தக் கப்பற்படையைப்பற்றி இக்காலத்தில் கிளம்பியுள்ள கட்டுக்கதைகளுக்கு அளவில்லை. பாய்மரம் எத்தனை, தளபதிகளுக்குப் படிப்படியாக எத்தனை பட்டங்கள் என்றெல்லாம் கணக்குச் சொல்லுகிற பிரசங்கிகள் இருக்கிறார்கள். மெய்க்கீர்த்தி சொல்வதோ, அலைகடல் நடுவே பல கலங்களை அனுப்பினான் என்ற அளவே. மரக்கலத்தின் அகல நீளம் சாசனத்தில் இல்லை. நாவலாசிரியர் கற்பித்தால் அது அவர் உரிமை. அதே கற்பனையைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சரித்திரமென்று போதிப்பது வேறு விஷயம்.

நாம் இதிலே ஒரு கேள்வியை மறைத்துவைக்க விரும்பவில்லை. பிறர் நாட்டை ஆள்வது அநீதி என்று சொல்லிச் சிறை சென்றவர்களின் சந்ததியாராகிய நாம், கடாரங்கொண்டான் என்ற பட்டத்தைக் கேட்டு மார்தட்டுவது எங்ஙனம் பொருந்தும்? இதற்குச் சுலபமான விடை கிடையாது. பதினோராம் நூற்றாண்டில் எல்லா அரசரும் அப்படித்தான் இருந்தார்கள் என்பது ஒரு விடை; அது ராபர்ட் கிளைவின் வக்கீல்களும் சொல்லத்தக்க விடை. எமக்குத் தோன்றுவது இது. அடிமைப்பட்டிருந்த காலத்தில், உங்கள் முன்னோர் ஒன்றுஞ் செய்யாதவர்கள் என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் கற்பித்தார்கள். அந்தப் பொய்க்கு மாற்றாகக் கடாரம் நமக்கு வேண்டியிருந்தது. 1935-ல் நீலகண்ட சாஸ்திரியார் சோழ சரித்திரத்தை வெளியிடத் தொடங்கியபோதும், ‘கல்கி’ பார்த்திபன் கனவு எழுதியபோதும், அந்த மருந்து தக்க சமயத்தில் வந்தது. மருந்தை நோய் தீர்ந்த பிறகும் அதே அளவில் உட்கொள்ள வேண்டுமா என்பதே இன்றைய வினா. வேண்டாம் என்பது எம் கட்சி. வாசகர்களில் எதிர்க்கட்சிக்காரர் பலர் உண்டென்பதை அறிவோம்.

படையெடுப்புக்களை விட்டு, அவன் ஆக்கிய காரியங்களுக்கு வருவோம். தஞ்சையையும் பழையாறையையும் விட்டுக் கொள்ளிடத்துக்கு வடகரையில், வறண்ட செம்மண் நிலத்திலே அவன் புது நகரம் எடுத்தான். கொள்ளிடம் தெற்கே அகழிபோல அமைந்தது என்பாரும், காவிரிப் படுகையின் நன்செயை வீடுகளால் நிரப்ப மனமின்றி வந்தான் என்பாரும், வடநாட்டுப் படைகளை நடத்த வசதியான இடம் என்பாரும் உளர். இம்மூன்றுக்கும் இடமுண்டு. அந்நகரம் சுமார் இருநூற்றைம்பது ஆண்டு, சோழ வம்சம் முடியும் வரையில், தலைநகராக இருந்தது. இன்று உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி என்று ஊர்ப் பெயர்களாகச் சிதறிக் கிடக்கிறது. மாளிகைமேட்டைத் தோண்டிய ஆராய்ச்சி இலாகாவினர் அரண்மனையின் செங்கற் சுவர்களையும், கூரை ஓடுகளையும், சீனப் பீங்கான் துண்டுகளையும் கண்டார்கள். அவர்கள் வருமுன்னரே பல தலைமுறையாக அங்கிருந்து செங்கல்லை வண்டி வண்டியாக எடுத்து வீடு கட்டியவர்கள் சுற்றூரார். சக்கரவர்த்தியின் சுவர் ஏழையின் சுவராயிற்று. அதைக் குற்றமென்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

ஆலயத்தின் விமானம் தஞ்சையைவிட உயரத்தில் தாழ்ந்தது. தஞ்சையில் 13 நிலை, இங்கே 9. மகன் தகப்பனை மிஞ்ச விரும்பாமல் அடக்கத்தோடு நிறுத்தினான் என்று ஊரில் சொல்லுகிறார்கள். தஞ்சை நேர்கோடாக நிமிர, இது வளைந்து குழைந்து எழுகிறது. வடபுற வாயிற்படியின் அருகே சண்டேசுவரருக்குச் சிவபெருமான் தலையில் மாலை சூட்டும் சிற்பம் ஒன்று உண்டு. குனிந்த தலையோடு வணங்கியிருக்கும் அந்த உருவத்தில் ராஜேந்திரனையே கண்டவர்கள் பலர். தஞ்சையிலே ராஜராஜன் கொடுத்த ஒவ்வொரு விளக்கையும் ஆபரணத்தையும் எடை முதற்கொண்டு சுவரில் எழுதுவித்தான். இங்கேயோ அத்தகைய கணக்கு ராஜேந்திரன் பெயரால் காணோம். பெரிய சாசனம் அவன் மகன் வீரராஜேந்திரன் காலத்தது. தஞ்சை ஆலயத்தை 1987-லும், இதைத் தாராசுரத்தோடு சேர்த்து 2004-லும் உலக பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

பொற்குடங்களில் வந்த கங்கை நீரை அவன் ஒரு பெரிய ஏரியில் வார்த்து, சோழகங்கம் எனப் பெயரிட்டான். மற்ற வேந்தர் வெற்றிக்குக் கல்லில் தூண் நாட்ட, இவன் நீரினால் ஜயஸ்தம்பம் நாட்டினான் என்ற கருத்துப்படத் திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் புகழ்கிறது. அதன் கரை வடக்குத் தெற்காக ஏறக்குறைய 16 மைல் நீண்டிருந்தது. கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் கால்வாய்கள் நீர் கொணர்ந்தன. பொன்னேரி என்று இப்போது வழங்கும் அது பெரும்பகுதி தூர்ந்து போயிற்று. அவனுடைய வெற்றிகளில் எவருடைய கண்ணீரும் கலவாமல் நின்ற வெற்றி இதுவொன்றே என்று நாம் கருதுகிறோம். அதைத்தான் நாம் காப்பாற்றத் தவறினோம்.

தவறினது நாம் மட்டுமன்று. 1836-ல் இங்கிலீஷ் கம்பெனியார் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினபோது, கல்லுக்காக இவ்வாலயத்து மதிற்சுவரை இடித்து எடுத்துச் சென்றார்கள். ஏழை ஜனங்கள் தடுக்கத் தம்மாலானவரை முயன்றார்கள் என்றும், கற்சுவருக்குப் பதிலாகச் செங்கற்சுவர் கட்டித் தருவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள் என்றும், அந்த வாக்கு நிறைவேறவில்லை என்றும் அடுத்த தலைமுறையில் வெளிவந்த ஓர் ஆங்கிலக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. சீமையில் ஒரு தேவாலயத்தை இடித்துப் பாலங்கட்டத் துணிவார்களா? எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்த அணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வீராணம் ஏரிக்குப் போகிறது. பொன்னியின் செல்வன் முதல் அத்தியாயத்திலே வந்தியத்தேவன் குதிரைமேல் வருகிற ஏரிக்கரை அதுவே. 2004 முதல் அந்த ஏரி நீர் குழாய் வழியே சென்னைக்கும் போகிறது. சென்னையில் டெலிவிஷன் முன் அமர்ந்து சோழர் நாடகம் பார்க்கும் குடும்பம் குடிக்கிற நீரில் ஒரு பங்கு, ராஜேந்திரன் கோயில் மதிற்கல்லை உரசிக்கொண்டு வந்ததாகும்.

கல்விக்கு அவன் செய்தது கொஞ்சமன்று. விழுப்புரத்துப் பக்கம் எண்ணாயிரத்தில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் கொண்ட கலாசாலைக்கு 45 வேலி நிலம் ஏற்படுத்தி, பிள்ளைகளுக்கு நாள்தோறும் நெல்லும், ஆசிரியர்க்கு நெல்லும் பொன்னும் அளக்கத் திட்டஞ் செய்திருந்தார்கள். வேதமும் வியாகரணமும் மீமாம்சையும் அங்கே கற்பித்தார்கள். அந்த வாயிலில் நுழையக்கூடியவர் ஒரு சாதியாரே என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவனுக்குப் பண்டித சோழன் என்றும் ஒரு பெயருண்டு.

அவன் வாழ்க்கையில் எமக்கு மிகப் பிடித்த செய்தி யுத்தமுமன்று, ஆலயமுமன்று. திருவாரூரிலே பரவை நங்கை என்பவள் அவனுக்கு அணுக்கியாக இருந்தாள். அவள் விருப்பத்தின்படி 1030-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தியாகேசர் கோயில் கற்றளியாகிப் பொன்னும் செம்பும் போர்த்தப்பெற்றது. ஒருநாள் அரசனும் அவளும் ஒரே தேரில் ஏறி அவ்வாலயத்துக்கு வந்தார்கள். இருவரும் சேர்ந்து நின்று தரிசித்த இடத்தில் ஒரு குத்துவிளக்கு எரியவேண்டும் என்று கல்வெட்டு ஏற்பாடு செய்கிறது. பட்டத்தரசியல்லாத ஒருத்தியோடு சக்கரவர்த்தி பகிரங்கமாக நின்றான். நின்ற இடத்தை ஊர் மறவாமல் விளக்கேற்றியது. அவன் காலமான பின்னும் அவன் மகன் அவளைக் கௌரவித்திருக்கிறான். அரண்மனைச் சதிகளையும் விஷக் கிண்ணங்களையும் தேடியலையும் டெலிவிஷன் நாடகக்காரர்கள் இந்தக் குத்துவிளக்கின் அருகே ஒருநாள் வந்து நின்று பார்க்கலாம்.

ராஜேந்திரன் முப்பதாண்டு ஆண்டான். மகன் ராஜாதிராஜனை 1018-லேயே தன்னோடு ஆள வைத்துக்கொண்டான். பிற்காலத்துப் போர்களை மக்களே நடத்தினார்கள். 1044-ல் அவன் காலமானான். தன் தலைநகரில் அன்று. வடக்கே, செய்யாற்றை அடுத்த பிரமதேசம் என்னும் சிற்றூரில். அவன் உடலோடு வீரமாதேவி என்ற அரசி உயிர்விட்டாள். இக்காலத்து மனம் அதைக் கேட்டுப் புகழ ஒருப்படாது. அந்த வழக்கம் ஒழியப் பாடுபட்டவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் அவ்வூர்ச் சந்திரமௌலீசுவரர் கோயிலில் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டொன்று இருக்கிறது. வீரமாதேவியின் உடன்பிறந்தவன் ஒருவன், சோழ சேனையிலே சேனாபதியாக இருந்தவன், மேலே சொன்ன யுத்தங்களிற் சிலவற்றைக் கண்ணாற் கண்டிருக்கக்கூடியவன், அவ்வூரிலே ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்தான். தீப்புகுந்த தன் சகோதரிக்குத் தாகம் தணியவேண்டும் என்பதற்காக அதை வைத்ததாக அக்கல்லில் எழுதியிருக்கிறது.